வராதவர்களை யார் எண்ணுவது?

கொஞ்சம் நீளமான பதிவு இது. டீ போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். "டீச்சர் மறுபடி ஆரம்பிச்சுட்டாங்க" என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். பாதியில் எழுந்து போகக் கூடாது, அவ்வளவுதான்.

போன வாரம் நம் பழைய மாணவர்கள் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. ரேஷன், பட்டா, சாதிச் சான்றிதழ், பென்ஷன் எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டதாம். இனி லஞ்சம் இல்லை, வரிசை இல்லை, காகிதம் இல்லை, 2030-க்குள் ஐ.நா. சபை சொன்ன வளர்ச்சி இலக்குகளை எல்லாம் எட்டிவிடுவோம் என்று எழுதியிருந்தது. அதன் கீழே நம் பிள்ளைகளில் ஒருவன், நல்ல வேலையில் இருப்பவன், ஒரு வரி போட்டிருந்தான்: "இன்னும் வரிசையில நிக்கிறவங்க அப்டேட் ஆகணும். அவ்ளோதான் பிரச்சினை." அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருந்தார்கள்.

அந்த ஒரு வரிக்குத்தான் இந்தப் பதில். பிள்ளையின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவன் நல்லவன், உழைப்பாளி. ஆனால் அந்த வரிக்குள் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. கணக்கு தப்பானால் சிவப்பு மையால் சுழிப்பது என் தொழில். ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்காது.

முதலில், கம்ப்யூட்டர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. இந்தப் பதிவையே பேத்தி சொல்லிக்கொடுத்தபடி கைப்பேசியில் பேசிப் பேசித்தான் எழுதுகிறேன். ஒரு வருமானச் சான்றிதழுக்காகக் கூலியை விட்டுவிட்டு நாலு நாள் தாலுகா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்த தகப்பன்மார்களைப் பார்த்தவள் நான். ஸ்காலர்ஷிப்புக்குக் கடைசித் தேதி முடிந்த பிறகு அந்தச் சான்றிதழ் கையில் கிடைத்து, அதை வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றிருக்கிறார்கள். இன்று இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனு கொடுக்க முடிகிறது. அது எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்கவும் முடிகிறது. இது பெரிய மாற்றம், இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களின் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் நேராகப் போய் விழுந்தது. நடுவில் ஒரு கை இல்லை. புருஷன் கையும் இல்லை. ஆப்பிரிக்காவில் கென்யா என்ற நாட்டில் 2007-இல் எம்-பெசா என்று ஒன்று வந்தது. சாதாரண பட்டன் போனில் பணம் அனுப்பும் வசதி. அதனால் சுமார் 1,94,000 குடும்பங்கள் வறுமையிலிருந்து வெளியே வந்தன என்று 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். பெண்கள் தலைமையில் இருந்த குடும்பங்களுக்குத்தான் அதில் பெரிய பலன். ஆகவே, இந்தக் கருவி நல்லது செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சண்டை வேறு. "வளர்ச்சி" என்று எதை எண்ணுகிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்த ஐ.நா. இலக்குகளை எடுத்துக்கொள்வோம். 2015 செப்டம்பரில் 193 நாடுகள் சேர்ந்து ஏற்றுக்கொண்டவை. 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 சிறு இலக்குகள். முதல் இலக்கு வறுமை ஒழிப்பு, இரண்டாவது பசி ஒழிப்பு. பதினாறாவதில் ஒன்பதாம் பிரிவு, 2030-க்குள் எல்லோருக்கும் சட்டப்பூர்வமான அடையாளம் தரவேண்டும் என்கிறது. இத்தனைக்கும் அடித்தளமாக ஒரு வாக்குறுதி: ஒருவரையும் பின்னால் விட்டுவிட மாட்டோம், எல்லோருக்கும் பின்னால் நிற்பவரிடம்தான் முதலில் போவோம்.

இதை நன்றாகப் படியுங்கள் பிள்ளைகளே. அடையாளம் கொடுங்கள் என்றுதான் அங்கே இருக்கிறது. அடையாளம் சரியில்லை என்று சொல்லிச் சோற்றை நிறுத்துங்கள் என்று எங்கும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவேடு எதற்கு? தினமும் பெயர் கூப்பிடுவேன், "உள்ளேன் டீச்சர்" என்று கத்துவீர்கள். வந்தவர்களை எண்ணவா அந்தப் பதிவேடு? வந்தவன்தான் கண்ணெதிரே உட்கார்ந்து பக்கத்துப் பையனைக் கிள்ளிக்கொண்டிருக்கிறானே! அது வராதவர்களுக்கான பதிவேடு. மூன்று நாள் ஒரு பிள்ளை வரவில்லை என்றால் சாயங்காலம் வீட்டுக்குப் போவோம். அங்கே போனால்தான் தெரியும், தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அல்லது தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பிவிட்டார்கள், அல்லது மாற்றுத் துணி இல்லை. பிள்ளை வராததற்குக் காரணம் பெரும்பாலும் பிள்ளை கிடையாது. "வராதவன் அப்டேட் ஆகணும்" என்று நாங்கள் சொல்லியிருந்தால் உங்களில் பாதிப்பேர் இன்று இந்தக் குழுவிலேயே இருந்திருக்க மாட்டீர்கள்.

1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்ததும் இதே கேள்வியிலிருந்துதான். ஏன் பிள்ளை வரவில்லை? பசி. சரி, சோறு போடு. 1982-இல் அது சத்துணவாக விரிந்ததும் இதே வழியில்தான். வராதவர்களை எண்ணிய நாடு இது. அதனால்தான் முன்னேறியது.

இப்போது ரேஷன் கடைக்கு வருவோம். 2017-இல் நமக்கு ஸ்மார்ட் கார்டு வந்தது. 2020 அக்டோபர் முதல் கைரேகை மிஷின் வந்தது. குடும்பத்தில் ஒருவர் போய் விரலை வைத்தால்தான் பில் விழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்துக் கைகளைப் பாருங்கள். நாற்பது வருஷம் பீடி சுற்றித் தேய்ந்த விரல். உப்பளத்தில் உப்பு வாரி வெடித்த கை. சிமெண்டுக் கலவையிலும் சுண்ணாம்பிலும் வெந்த கை. பனை ஏறிக் காய்த்த கை. இது போதாது என்று வயசானால் தோல் மெலிந்து ரேகையே மங்கிப் போகும். யார் அதிகம் உழைத்தார்களோ அவர்களுடைய விரலைத்தான் மிஷினுக்கு அடையாளம் தெரியவில்லை. மவுஸ் பிடித்த விரலுக்கு உடனே பச்சை விளக்கு எரிகிறது.

"ரேகை விழலைன்னு சொல்லிட்டாவ டீச்சர். நாளைக்கு வரச் சொல்லுதாவ." எங்கள் தெருவில் இதைச் சொல்லாத ஆச்சி இல்லை. நாளைக்குப் போனால் சர்வர் வேலை செய்யாது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கைரேகை இல்லை என்றால் கைப்பேசிக்கு ஓடிபி வரும் என்கிறார்கள். எந்தக் கைப்பேசிக்கு? ஆதாரில் பதிந்திருப்பது மகனுடைய நம்பர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஷிப்டில் நிற்கிறான். ஓடிபி திருப்பூருக்குப் போகிறது, பசி இங்கேயே இருக்கிறது.

"ஆச்சிக்கு ஒரு போன் வாங்கிக் கொடுங்க" என்பீர்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பைப் பாருங்கள். இந்தியாவில் ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1 சதவீதம், பெண்கள் 33.3 சதவீதம். மூன்று பெண்களில் ஒருத்தி. அதுவும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு. நம் ஆச்சிகளை அவர்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் என்ன எண் வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். கைரேகை விழவில்லை என்பதற்காகப் பொருள் மறுக்கக் கூடாது என்றுதான் நம் மாநிலத்தில் உத்தரவு. போக முடியாத முதியவர்கள் வேறொருவரை அனுப்பப் படிவமும் உண்டு. 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அங்கீகாரம் தோல்வியடைந்தது என்பதற்காகத் தகுதியுள்ள ஒருவருக்கும் உதவி மறுக்கப்படாது என்று அரசுத் தரப்பு தந்த உறுதியும் பதிவாகியிருக்கிறது. ஆக விதி இருக்கிறது. ஆனால் அந்த விதி கவுண்டரின் எந்தப் பக்கம் இருக்கிறது? ஆச்சிக்கு அது தெரியாது. விற்பனையாளருக்குத் தெரியும், ஆனால் பயம். மிஷினில் ஏறாத பொருளைக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஆய்வுக்கு வருபவரிடம் யார் பதில் சொல்வது? "இல்லை" என்று சொன்னால் அவர் வேலை பத்திரம். "சரி, வாங்கிட்டுப் போங்க" என்று சொன்னால்தான் ஆபத்து. நல்ல மனுஷனைக்கூடக் கல்லாக்கிவிடும் ஏற்பாடு இது. நான் விற்பனையாளரைக் குறை சொல்லவில்லை. அவரை அப்படி நிறுத்தி வைத்த ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

இங்கே எனக்கு நெஞ்சு கனக்கிற ஒரு விஷயம் உண்டு. 1990-களில் அறிவொளி இயக்கம் நடந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எங்கள் பக்கத்திலும் ஆசிரியர்கள் பகலில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு, ராத்திரி அரிக்கேன் விளக்கில் அம்மாக்களுக்கு எடுத்தோம். எதற்காக? "கைநாட்டு" என்ற சொல் ஒரு வசையாக இருந்தது. பேங்கில், பத்திரத்தில், சம்பளப் பட்டியலில் கட்டைவிரலை மையில் முக்கி நீட்டும் அவமானம் போக வேண்டும் என்றுதான் அந்தப் பெண்கள் இருட்டில் நடந்து வந்தார்கள். தன் பெயரை முதல்முதலாக எழுதிவிட்டு அந்தச் சிலேட்டை அழிக்க மனமில்லாமல் வீட்டுக்கே எடுத்துப் போனவர்கள் உண்டு.

இன்று அதே பெண்ணுக்கு எழுபது வயது. கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் கடையில் அது செல்லாது, கட்டைவிரலை வை என்கிறோம். கற்றவளைக்கூடத் திரும்பவும் கைநாட்டு ஆக்கிவிட்டு, கடைசியில் அந்தக் கைநாட்டும் சரியில்லை என்று திருப்பி அனுப்புகிறோம். இதற்குப் பெயர் அப்டேட் என்றால், பிள்ளைகளே, எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் தெரியவில்லை.

"டீச்சர், ஒண்ணு ரெண்டு பேருக்குச் சிரமம் இருக்கும்தான். ஆனா போலிக் கார்டு, திருட்டு எல்லாம் ஒழிஞ்சிருக்கே?" என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்வி. கணக்கோடு பதில் சொல்கிறேன்.

என்னிடம் படித்துப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் போன ஒரு பெண் எனக்கு இரண்டு ஆராய்ச்சிகளைப் பற்றி விளக்கினாள். இரண்டையும் செய்த குழுவின் முன்னணி ஆள் கார்த்திக் முரளிதரன் என்ற பொருளாதார அறிஞர். முதல் ஆய்வு பிரிக்கப்படாத ஆந்திராவில், சுமார் 1.9 கோடி மக்கள் வாழும் பகுதியில். வேலை உறுதித் திட்டக் கூலியையும் பென்ஷனையும் கைரேகை ஸ்மார்ட் கார்டு மூலம் கொடுத்துப் பார்த்தார்கள். கூலி சீக்கிரம் வந்தது, நடுவில் ஒழுகுவது குறைந்தது. இரண்டாவது ஆய்வு ஜார்க்கண்டில், ரேஷன் கடைகளில், சுமார் 1.5 கோடி மக்கள் வாழும் பகுதியில். அங்கே கைரேகை வந்த பிறகும் ஒழுகுவது குறையவில்லை. மாறாக, ஆதாரை இணைக்காத குடும்பங்களுக்குக் கிடைத்த பொருள் சுமார் 10 சதவீதம் குறைந்தது. போலி என்று நீக்கிய கார்டுகளில் மிகப் பெரும்பாலானவை உண்மையான குடும்பங்களுடையவை என்று வீடு வீடாகப் போய்ப் பார்த்தபோது தெரிந்தது.

அதே வகைக் கருவி, அதே ஆய்வாளர்கள். ஒரு இடத்தில் நன்மை, இன்னொரு இடத்தில் கேடு. என்ன வித்தியாசம்? ஆந்திராவில் கார்டு இல்லாதவர்களுக்குப் பழைய முறையிலும் பணம் கொடுத்தார்கள், யாரையும் நிறுத்தவில்லை. சேவையை நன்றாக்குவது அங்கே நோக்கம். ஜார்க்கண்டில் கட்டாயம். அங்கே ஆளைச் சலித்தெடுப்பது நோக்கம். கதவை அகலப்படுத்தக் கருவியைக் கொண்டுவந்தால் வளர்ச்சி வரும். அதே கருவியைக் கதவில் பூட்டாக மாட்டினால் பசி வரும்.

அந்த ஜார்க்கண்டில் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதார் இணைக்கவில்லை என்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் கார்டு முன்பே நீக்கப்பட்டிருந்தது. பட்டினியால் போனாள் என்று தாய் சொன்னாள், மலேரியா என்று அரசு சொன்னது. எது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. கார்டு நீக்கப்பட்டதை யாரும் மறுக்கவில்லை. ஆதார் இல்லை என்ற காரணத்துக்காகக் கார்டை நீக்கக் கூடாது என்று மத்திய உணவுத்துறை மாநிலங்களுக்கு எழுதியது அடுத்த மாதம். அந்தக் கடிதம் ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக் கூடாதா?

திருட்டு விஷயத்துக்கு வருகிறேன். ரேஷனில் திருட்டு பெரும்பாலும் எங்கே நடக்கும்? எடையில் நடக்கும், மூட்டையில் நடக்கும், லாரியில் நடக்கும். இருபது கிலோவுக்குப் பில் போட்டுப் பதினெட்டு கிலோ அளந்தால், ஆச்சியின் விரல் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்? விரல் வைத்த பிறகுதானே எடை குறைகிறது! திருடன் தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போது வரிசையில் நிற்பவளைச் சோதனை போட்டு என்ன பயன்?

100 நாள் வேலையிலும் இதே கதை. 2023 ஜனவரி முதல் பணித்தளத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை எல்லோரையும் நிற்க வைத்துப் போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்றார்கள். கண்மாய்க்குள் டவர் கிடைக்காது. காலையில் மண் வெட்டியவள், மதியப் போட்டோவுக்காக மறுபடி வெயிலில் நிற்பாள். போட்டோ ஏறவில்லை என்றால் அன்றைக்குக் கூலி சந்தேகம். ஏமாற்ற நினைப்பவனுக்கோ அது ஒரு தடையே இல்லை, ஒரு போட்டோவையே மறுபடி போட்டோ எடுத்து ஏற்றிவிட்டான். மத்திய அமைச்சகமே 2025-இல் இப்படியெல்லாம் மோசடி நடக்கிறது என்று மாநிலங்களுக்கு எழுத வேண்டி வந்தது. வெட்டிய மண்ணும் கரையும் கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. அதை அளந்தால் போதாதா?

காகிதம் மிச்சம், மரம் மிச்சம் என்கிறீர்களே, அதையும் பார்ப்போம். இ-சேவையில் சான்றிதழைக் கம்ப்யூட்டரில் தருவார்கள். அதைப் பிரிண்ட் எடுக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனால் ஆதார், ஸ்மார்ட் கார்டு, பேங்க் புத்தகம் எல்லாவற்றிலும் இரண்டு செட் ஜெராக்ஸ் கேட்பார்கள். காகிதம் எங்கே குறைந்தது? அரசு அலுவலகத்தில் குறைந்து, கூலிக்காரர் செலவில் ஜெராக்ஸ் கடையில் கூடியிருக்கிறது. ஒரு தடவையில் முடிய வேண்டிய வேலைக்கு மூன்று தடவை பஸ் ஏறினால் அந்த டீசல் யார் கணக்கு? சர்வர் விழுந்த நாளின் கூலி யார் கணக்கு? நிலையான வளர்ச்சி என்றால் பாரத்தை ஒரு தோளிலிருந்து இறக்கி மெலிந்த தோளில் ஏற்றுவது ஆகாது.

இதெல்லாம் ஏழை நாட்டின் சிக்கல், பணக்கார நாடுகளில் எல்லாம் டிஜிட்டல்தான் என்று எண்ண வேண்டாம். ஐ.நா. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மின்னாளுமையில் நாடுகளுக்கு ரேங்க் போடுகிறது. 2024-இல் முதல் ரேங்க் டென்மார்க். அங்கே 2014 முதல் அரசுக் கடிதங்கள் எல்லாம் கம்ப்யூட்டருக்குத்தான் வரும், கட்டாயம். ஆனால் முடியாதவர்கள் மனு கொடுத்து விலக்கு வாங்கிக்கொள்ளலாம். அவர்களுக்குத் தபாலில் காகிதமாகவே வரும். முதல் ரேங்க் எடுக்கும் நாடே கடைசிப் பெஞ்சுக்கு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. நமக்கு என்ன அவசரம், கதவைச் சாத்த?

நம் மாநிலத்திலேயே நல்ல வழி இருக்கிறது, அதையும் சொல்லாமல் விடமாட்டேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கிறது. அதற்கு 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் 70 வயது கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் என்று சுமார் 21.7 லட்சம் பேருக்கு ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பதாக அறிவித்தார்கள். பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழுக்கு, 70 ரூபாய் கொடுத்தால் தபால்காரரே மிஷினோடு வீட்டுக்கு வருகிறார். இவற்றிலும் கம்ப்யூட்டர் உண்டு, பட்டியல் உண்டு, மிஷின் உண்டு. ஆனால் நடப்பது யார் என்று பாருங்கள். ஆச்சி நடக்கவில்லை, அரசு நடக்கிறது. டிஜிட்டல் என்றால் எனக்கு இதுதான். வராதவரைத் தேடிப் போக அது உதவ வேண்டும்.

இனி என் கோரிக்கைகள். நாலுதான். குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. மிஷின் "இல்லை" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் "கொடு" என்று சொல்ல ஒரு மனிதருக்கு அதிகாரம் வேண்டும். ஒரு நோட்டு, ஒரு கையெழுத்து, பக்கத்தில் ஒரு சாட்சி. அப்படிக் கொடுத்த விற்பனையாளருக்குத் தொந்தரவு வராது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும்.

இரண்டு. எதை மறுத்தாலும் காரணத்தைத் தமிழில், தாளில் எழுதித் தர வேண்டும். யாரிடம், எத்தனை நாளுக்குள் முறையிடலாம் என்றும் அதில் இருக்க வேண்டும். மகளிர் உரிமைத்தொகையில் மனு நிராகரிக்கப்பட்டவர்கள் 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் படிக்கத் தெரியாதவளுக்கு என்ன புரியும்? சேவையைக் குறித்த நாளுக்குள் பெறுவதை உரிமையாக்கும் சட்டத்தை மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்துவிட்டது. நம் மாநிலத்திலும் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மூன்று. ஒரே ஒரு விரலையும் ஒரே ஒரு போன் நம்பரையும் நம்பி யாருடைய சோறும் தொங்கக் கூடாது. இரண்டாவது வழி, மூன்றாவது வழி கட்டாயம் இருக்க வேண்டும். கடைசி வழி மிஷின் இல்லாததாக இருக்க வேண்டும்.

நான்கு. இதுதான் முக்கியம். ரேஷன் கடை வாசலில் அரிசி இவ்வளவு, சீனி இவ்வளவு என்று இருப்புப் பலகை தொங்குகிறதல்லவா? அதில் இன்னொரு வரி எழுதுங்கள்: "இந்த மாதம் ரேகை விழாமல் திரும்பியவர்கள் இத்தனை பேர்." இ-சேவையில் எழுதுங்கள்: "சர்வர் இல்லாமல் திரும்பியவர்கள் இத்தனை பேர்." கோடிக்கணக்கில் பரிவர்த்தனை நடந்தது என்ற பெருமையை அப்புறம் கேட்கிறேன். அந்தக் கோடியில் ஆச்சி இல்லை. அவள் எந்த எண்ணிக்கையிலும் இல்லை. பில் விழுந்தால்தானே கணக்கில் வருவாள்! எண்ணப்படாதவள் இல்லாதவள் ஆகிவிடுகிறாள். அப்புறம் 2030-இல் இலக்கை எட்டிவிட்டோம் என்று அறிக்கை எழுதுவது ரொம்பச் சுலபம். வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிட்டால் நூற்றுக்கு நூறு வருகை காட்டிவிடலாம். அந்த வித்தை எங்களுக்கும் தெரியும். நாங்கள் செய்யவில்லை.

உங்களில் சிலர் மென்பொருள் எழுதுகிறீர்கள். அடுத்த தடவை அரசு வேலை ஒன்று உங்கள் மேசைக்கு வந்தால், "இது தோற்றால் அந்த ஆள் என்ன செய்வார்?" என்று கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு திரையாவது ஒதுக்குங்கள். சிலர் வருவாய்த்துறையிலும் கூட்டுறவுத்துறையிலும் இருக்கிறீர்கள். உங்கள் கையில் இருக்கும் விதிவிலக்குகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீங்கள் கருணை காட்ட வேண்டாம், விதியைச் சொன்னால் போதும். சிலர் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறீர்கள். ஊரில் அம்மா, அத்தை, பெரியம்மா பெயரில் பதிந்திருக்கும் நம்பர் யாருடையது என்று இன்றைக்கே கேளுங்கள். உங்களுடையது என்றால், அவர்களுடைய சோற்றுக்குச் சாவி உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கைதட்டிய நாற்பது பேருக்கும் ஒரு வீட்டுப்பாடம். ரேஷன் போடும் நாளில் உங்கள் ஊர்க் கடை வாசலில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பொருள் வாங்கியவர்களை எண்ண வேண்டாம். வெறும் பையோடு திரும்புகிறவர்களை மட்டும் எண்ணுங்கள். என்ன காரணம் சொல்லி அனுப்பினார்கள் என்று கேளுங்கள். ஊர் பெயர் வேண்டாம், ஆள் பெயர் வேண்டாம். எத்தனை பேர், என்ன காரணம் என்று மட்டும் இங்கே கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் நான் ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதி, கூட்டிப் பார்த்து, மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை இல்லை.

பூஜ்யம் என்று வந்தால் ரொம்பச் சந்தோஷம், அதையும் எழுதுங்கள். எண்ணாமல் மட்டும் பூஜ்யம் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்